ஒரு சீருடைக் கோட்டின் பயணம்

கேள்வி: ஜெர்மன் நாடகாசிரியர் கார்ல் ஸுக்மயரின் 'கோப்பெனிக் கேப்டன்' நாடகத்தை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்? வேஷம் போட்ட ஒருவன் ஓர் ஊர் முட்டாள்களை ஏமாற்றுகிறான். அதற்கு மூன்று அங்கமா?

பதில்: முட்டாள்கள் என்று சொல்லிவிட்டால் நமக்கு வசதிதான். ஆனால் அந்த நாடகத்தில் முட்டாள்கள் அதிகம் இல்லை. அவரவர் விதிப்படி ஒழுங்காக வேலை பார்க்கிறார்கள். கோளாறே அதுதான்.

நடந்த சம்பவம் சின்னது. 1906 அக்டோபர் 16. பலமுறை சிறை சென்ற வில்ஹெல்ம் ஃபோக்ட் என்ற செருப்புத் தொழிலாளி, பழைய கேப்டன் உடுப்பை மாட்டிக்கொண்டு தெருவில் போன சிப்பாய்களை நிறுத்தினார். 'என் பின்னால் வா' என்றார், வந்தார்கள். பெர்லினை ஒட்டிய கோப்பெனிக்குக்கு ரயிலில் போய், நகர மன்றத்தில் மேயரைக் கைது செய்து, கஜானாவை அள்ளினார். ரசீதும் கொடுத்தார்! பத்து நாளில் பிடிபட்டார். நான்கு வருடத் தண்டனை. 1908இல் ஜெர்மன் பேரரசர் கைசரே மன்னித்து விட்டார்.

1931 மார்ச்சில் பெர்லினில் அரங்கேறிய நாடகத்தில் இந்தக் கைது வருவது மூன்றாம் அங்கத்தில்தான். அதுவரை ஸுக்மயர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ஃபோக்டுக்கு வேலை வேண்டும். வேலை கேட்டால் 'தங்கும் அனுமதி எங்கே?' அனுமதி கேட்டால் 'வேலை எங்கே?' பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதேதான். இங்கே ஒரு குமாஸ்தாகூட வில்லன் இல்லை, எல்லோரும் விதியைத்தான் படித்துக் காட்டுகிறார்கள். ராணுவ நடைமுறையை ஃபோக்ட் கற்றுக்கொள்வதும் சிறையில்தான். 1870இல் பிரான்ஸை வென்ற செடான் போரின் வெற்றி நாளன்று கைதிகளை வைத்துப் போர் நடத்திக் காட்டுகிறார், ராணுவப் பித்துப் பிடித்த சிறை இயக்குநர். அரசாங்கச் செலவில் பயிற்சி.

இன்னொரு பக்கம், ஃபோக்ட் பின்னால் மாட்டிக்கொள்ளப்போகும் அந்தக் கேப்டன் கோட்டின் கதை ஓடுகிறது. முதல் காட்சியில், பெர்லினுக்கு அருகே உள்ள பாட்ஸ்டாம் நகரத் தையல்கடையில், பின்பக்கப் பொத்தான்களின் இடைவெளி விதிப்படி இல்லை என்று ஒரு கேப்டன் அலுத்துக்கொள்கிறார். பிறகு அவர் வேலையே போகிறது. எப்படி? சாதாரண உடையில் ஒரு விடுதிக்குப் போய்க் கைகலப்பில் மாட்டுகிறார். சீருடை இல்லாத கேப்டனைக் குடித்த சிப்பாய் மதிக்கவில்லை. கோட்டு கோப்பெனிக் மேயருக்குப் போகிறது, ராணுவத்தின் ரிசர்வ் படையில் லெப்டினென்ட் ஆன பெருமையில். மேயர் பருத்ததும் தையல்காரருக்கே திரும்பி, அவர் மகளின் மாறுவேட நடனத்துக்குப் போய், கடைசியில் பழந்துணிக் கடையில் ஃபோக்டின் கைக்கு வருகிறது. ஆக, மேயரைக் கைது செய்வது மேயரின் பழைய கோட்டு! இதைக் கவனிக்காமல் நாடகத்தைப் பார்த்தால் வெறும் ஆள்மாறாட்டக் கூத்தாகத்தான் தெரியும். மேடையேற்றுகிறவர்களும் நீளம் குறைக்கிறேன் என்று முதல் அங்கத்தில் கை வைத்தால் அதே விபத்துதான். கோட்டு வந்த வழி தெரியாவிட்டால் கைதுக் காட்சியில் சிரிப்பு பாதிதான் வரும்.

நாடகத்து ஃபோக்ட் நகர மன்றத்துக்குப் போவதே ஒரு பாஸ்போர்ட்டுக்காக. ஊரே அவர் கையில். ஆனால் அந்தக் கட்டடத்தில் பாஸ்போர்ட் பிரிவு கிடையாது!

முடிவில் அவரே சரணடைகிறார். காவல் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே குதூகலம், உடுப்பை மாட்டிக் காட்டச் சொல்கிறார்கள். தன்னை அந்தக் கோலத்தில் அவர் முழுதாகப் பார்த்ததில்லை. கண்ணாடி முன் நிற்கிறார், உடம்பு குலுங்கச் சிரிக்கிறார், ஒரே ஒரு வார்த்தை சொல்கிறார்: 'சாத்தியமே இல்லை!'