மீன்தொட்டிச் செடிகளுக்கு வீட்டில் தயாரிக்கும் கரியமில வாயு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நீருக்குள் செடி வளர்க்கும் மீன்தொட்டிகளைப் பற்றிச் செட்டிநாட்டுப் பகுதியிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, சீனியும் ஈஸ்ட்டும் கலந்து வீட்டிலேயே கரியமில வாயு தயாரித்துச் செடிகளுக்குக் கொடுப்பதைக் குறித்தே கேட்டிருக்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் செடிகளும் சிறு மீன்களும் வளர்க்கிறேன். ஈஸ்ட் பாட்டிலிலிருந்து வாயு விடத் தொடங்கிய பின் செடிகள் நன்றாகத் தழைக்கின்றன. ஆனால் விடியற்காலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இரவில் மட்டும் குழாயை அடைத்து வைக்கலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: எந்த நேரத்திலும் அடைக்காதீர்கள். ஈஸ்ட் உயிருள்ள பொருள். சீனி இருக்கும் வரை அது இரவு பகல் பாராமல் சீனியைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிக்கொண்டே இருக்கும். 200 கிராம் சீனி முழுவதும் மாறினால் ஏறத்தாழ 100 கிராம் வாயு வெளிப்படும். நம் பக்கத்து வெப்பத்தில் அதன் கன அளவு 55 லிட்டருக்கும் மேல். அவ்வளவையும் இரண்டு லிட்டர் பாட்டிலின் மேற்பகுதியில் உள்ள வெற்றிடத்துக்குள் அடைத்து வைக்க முயன்றால், மூடி, குழாய், பாட்டில் ஆகியவற்றில் எது வலுவற்றதோ அது வெடித்துத் திறந்துகொள்ளும். இதே காரணத்தால் கண்ணாடி பாட்டிலை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. குளிர்பானம் வரும் பிளாஸ்டிக் பாட்டில்தான் ஏற்றது.

மீன்கள் ஏன் மேலே வருகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் வழியும் தெரிந்துவிடும். விளக்கு எரியும்போது செடிகள் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளிவிடுகின்றன. விளக்கு அணைந்ததும் அந்த வேலை நின்றுவிடுகிறது. செடிகளும் மீன்களைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடத் தொடங்குகின்றன. பாட்டிலோ நிற்காமல் வாயுவை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஆகவே விடிகிற நேரத்தில்தான் தண்ணீரில் கரியமில வாயு உச்சத்திலும் ஆக்சிஜன் அடிமட்டத்திலும் இருக்கும். மீன் தன் உடலில் சேரும் கரியமில வாயுவைச் செவுள் வழியாகத் தண்ணீருக்குள் விட்டாக வேண்டும். தண்ணீரிலேயே அது மிகுந்திருந்தால் வெளியேறாமல் இரத்தத்தில் தங்கி, இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டி, ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடும். அதனால்தான் ஆக்சிஜன் ஓரளவு இருக்கும் தொட்டியிலும் மீன்கள் திணறுவதுண்டு. நம் வெயிலும் இதற்குத் துணை போகிறது: 25 டிகிரி வெப்பமுள்ள தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும், 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு காற்று மோட்டாரை டைமருடன் இணைத்து, விளக்கு அணையும்போது ஓடவும் விளக்கு எரியும்போது நிற்கவும் வையுங்கள். அது நீர்மட்டத்தைக் கலக்குவதால் மிகுதியான கரியமில வாயு வெளியேறும், ஆக்சிஜன் உள்ளே வரும். இரவில் வாயு வீணாகிறதே என்று வருந்த வேண்டாம். இருட்டில் அது செடிக்குப் பயன்படுவதே இல்லை. மாதாந்திர மின்தடை நாளில் விளக்கும் வடிகட்டியும் மோட்டாரும் சேர்ந்து நின்றுவிடும், பாட்டில் மட்டும் வேலை செய்யும். அன்று குழாயின் முனையைத் தொட்டியிலிருந்து எடுத்து வெளியே விட்டுவிடுங்கள். மின்கலத்தில் ஓடும் சிறிய காற்று மோட்டார் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

அடுத்த முறை கலக்கும்போது ஈஸ்ட்டைக் குறையுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 200 கிராம் சீனி, கால் தேக்கரண்டி உலர் ஈஸ்ட், அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடா ஆகியவை உங்கள் தொட்டிக்குப் போதும். ஈஸ்ட் கூடினால் வாயு வேகமாக வந்து வேகமாகத் தீரும். குறைந்தால் நிதானமாக வந்து நெடுநாள் நிற்கும். சீனியை இதற்கு மேல் கூட்டிப் பயனில்லை, ஏனெனில் சேர்ந்துபோகும் சாராயமே ஒரு கட்டத்தில் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். மார்கழி, தை மாதங்களில் இரண்டு வாரத்துக்கு வரும் பாட்டில், கத்திரி வெயிலில் ஒரு வாரத்திலேயே ஓய்ந்துவிடலாம். இந்த ஏற்ற இறக்கம்தான் ஈஸ்ட் முறையின் பெருங்குறை. முதல் நாட்களில் வாயு மிகுந்தும் கடைசி நாட்களில் இல்லாமலும் போனால் செடி நிலைகொள்ளாது, இலை விளிம்புகளில் கருமையான பாசி பிடிக்கும். எனவே இரண்டு பாட்டில்களை ஒரு வார இடைவெளியில் மாறி மாறிப் புதுப்பித்து, இரண்டின் குழாய்களையும் ஒன்றாக இணையுங்கள். பாட்டிலை முற்றத்து வெயிலில் வைக்காமல், தடித்த சுவர்களுள்ள உள்கட்டு அறையில் ஒரு வாளித் தண்ணீருக்குள் நிறுத்தி வைத்தால் வெப்பம் சீராக இருக்கும். அளவு சற்றுக் குறைந்தாலும் தினமும் ஒரே சீராக வரும் வாயுவே செடிக்கும் மீனுக்கும் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: தொட்டி இருக்கும் அறையில்தான் எங்கள் அப்பத்தா படுக்கிறார்கள். பாட்டிலிலிருந்து கள் வாடை வருகிறது, இந்தக் காற்று உடம்புக்கு ஆகாது என்கிறார்கள். உண்மையில் ஆபத்து உண்டா? ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பாட்டிலை வைக்கலாமா?
— வாசகி, கானாடுகாத்தான்

பதில்: அப்பத்தா சொல்லும் வாடை சரிதான், பாட்டிலுக்குள் நடப்பது பனஞ்சாறு புளித்துக் கள்ளாகும் அதே நொதித்தல். ஆனால் வாயுவைக் குறித்து அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் மூச்சு வழியாக வெளியிடும் கரியமில வாயு ஏறத்தாழ ஒரு கிலோ. உங்கள் பாட்டில் தன் ஆயுள் முழுவதும் தருவது அதில் பத்தில் ஒரு பங்கு. சன்னலும் கதவும் உள்ள அறையில் இது ஒரு பொருட்டே அல்ல. வாடை பிடிக்கவில்லை என்றால் பாட்டிலை அடுத்த அறையில் வைத்துக் குழாயை நீட்டிக்கொள்ளுங்கள். சிலிக்கான் குழாயின் சுவர் வழியே கரியமில வாயு கசிந்துவிடும் என்பதால், தூரம் கூடினால் பாலியூரித்தேன் குழாயே தக்கது. வாயு வேண்டும் என்பதற்காக வீட்டுக்குள் கரியை எரிக்கும் யோசனை யாருக்காவது வந்தால் உடனே தடுத்துவிடுங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

தரையைப் பற்றி நீங்கள் கேட்டது மிக நல்ல கேள்வி. ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது. அதை அமிலம் அரிக்கும். புளித்த கரைசல் அமிலத்தன்மை உடையது, ஈஸ்ட்டுக்குப் பதில் சிலர் வாயு தயாரிக்கப் பயன்படுத்தும் எலுமிச்சை உப்பின் (சிட்ரிக் அமிலம்) கரைசலோ அதைவிடக் கடுமையானது. சிந்தி ஊறிவிட்டால் மெருகு போய் வெளுத்த தடம் விழும், அது எளிதில் மறையாது. பாட்டிலை எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் வையுங்கள். சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுத் துடையுங்கள்.

கரைசல் தரையில் சிந்துவதைவிடத் தொட்டிக்குள் போவது இன்னும் கேடு. நொதிக்கும்போது எழும் நுரை குழாயில் ஏறினால் சீனியும் சாராயமும் தொட்டியில் கலந்து, பாக்டீரியா பெருகித் தண்ணீர் பால் போல் வெளுத்து, ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஆகவே பாட்டிலின் மேல் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். பாட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே, பாதி தண்ணீர் நிரப்பிய ஒரு சிறு பாட்டிலை வைத்து வாயுவை அதன் வழியே செலுத்துங்கள். இரவில் பாட்டில் குளிர்ந்தால் தொட்டித் தண்ணீர் பின்னோக்கி இழுபடும் வாய்ப்பும் உண்டு என்பதால், ஒருவழி வால்வு ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புப் படியும் கடின நீர். வாயு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை வீட்டில் எப்படி அறிவது?
— வாசகர், தேவகோட்டை

பதில்: குமிழிகளை எண்ணிக் கணக்குப் போடுவோர் பலர், ஒரு குமிழியின் அளவு குழாய்க்குக் குழாய் மாறும் என்பதால் அந்த எண்ணிக்கையை நம்பி மீன்களின் உயிரை ஒப்படைக்க முடியாது. லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை கரைந்திருப்பது செடிகளுக்குப் போதும், பெரும்பாலான மீன்களும் தாங்கும். தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மையும் (கரைந்துள்ள கார்பனேட், பைகார்பனேட் உப்புகளின் அளவு, இதையும் டிகிரியில்தான் சொல்வார்கள்) பி.எச். அளவும் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், அமிலம் கூடினால் இது குறையும்) தெரிந்தால் இதைக் கணக்கிடலாம். கடினத்தன்மை 10 டிகிரி உள்ள தண்ணீரில் பி.எச். 7 என்று காட்டினால் கரைந்த வாயு 30 மில்லிகிராம். கடினத்தன்மை 4 டிகிரி என்றால் அதே 30 மில்லிகிராமுக்குப் பி.எச். 6.6 வரை இறங்க வேண்டும். ஆனால் மரக்கட்டை ஊறிய தொட்டியில் வேறு அமிலங்களும் கலந்திருப்பதால் இந்தக் கணக்கு பொய்க்கும்.

எல்லாத் தொட்டிக்கும் பொருந்துவது டிராப் செக்கர் எனப்படும் சிறு கண்ணாடிக் குமிழ். அதில் தொட்டித் தண்ணீரை ஊற்றக் கூடாது. கடினத்தன்மை 4 டிகிரி உள்ள கரைசலையே ஊற்ற வேண்டும். இதை நீங்களே தயாரிக்கலாம். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு லிட்டரில் 1.2 கிராம் ஆப்ப சோடாவைக் கரைத்து, அதில் 100 மில்லியை எடுத்து, மேலும் அதே வகைத் தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கினால் கிடைப்பது 4 டிகிரி கரைசல். அதில் அமிலத்தன்மைக்கு ஏற்ப நிறம் மாறும் சாயமான புரோமோதைமால் நீலம் சில துளி விட்டுக் குமிழைத் தொட்டிக்குள் ஒட்டிவையுங்கள். நீலமாக இருந்தால் வாயு குறைவு, பச்சையானால் சரியான அளவு, மஞ்சளானால் மிகுதி. நிறம் மாற இரண்டு மணி நேரமாவது ஆகும் என்பதால் அது காட்டுவது சற்று முந்தைய நிலையையே. விளக்கு எரியத் தொடங்கிச் சில மணி நேரம் கழித்து ஒரு முறையும், விடியற்காலையில் ஒரு முறையும் பாருங்கள். கடின நீர் இருப்பதற்காக வருந்த வேண்டாம். நாடா போல் நீண்ட இலையுள்ள வாலிஸ்நேரியாவும் ஹைட்ரில்லாவும் அந்த நீரில் உள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ள வல்லவை. அவற்றை மட்டும் வளர்ப்பவருக்குப் பாட்டிலே வேண்டியதில்லை என்று நான் தயங்காமல் சொல்வேன்.

கேள்வி: கடையில் வாங்கும் சோடாவைத் தினமும் கொஞ்சம் தொட்டியில் ஊற்றினால் போதாதா?
— பள்ளி மாணவர், புதுவயல்

பதில்: வேண்டாம், தம்பி. 250 மில்லி சோடாவில் ஒன்றரை கிராமுக்குக் குறையாத கரியமில வாயு இருக்கலாம். அதை 60 லிட்டர் தொட்டியில் ஊற்றினால் சில நொடிகளில் லிட்டருக்கு 25 மில்லிகிராம் ஏறிவிடும், சில மணி நேரத்தில் இறங்கியும் விடும். அந்தத் திடீர் மாற்றத்தை மீன்கள் தாங்கமாட்டா.

கேள்வி: சீனிக்குப் பதில் வெல்லம் போடலாமா? எலுமிச்சை உப்பும் ஆப்ப சோடாவும் சேர்த்துச் செய்யும் முறை இதைவிட மேலானதா?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: வெல்லமும் கருப்பட்டியும் நொதிக்கும், நுரை மிகுதியாக எழும் என்பதால் சீனியையே பரிந்துரைக்கிறேன். எலுமிச்சை உப்பு முறையின் பெரிய நன்மை, வாயுவைத் திருகு வால்வால் கட்டுப்படுத்தலாம், இரவில் நிறுத்தலாம் என்பது. 200 கிராம் எலுமிச்சை உப்பு முழுவதும் வினைபுரிய ஏறத்தாழ 260 கிராம் ஆப்ப சோடா வேண்டும். பலரும் இரண்டையும் 200 கிராமாகவே எடுக்கிறார்கள், அதில் 100 கிராமுக்குச் சற்று மேல் வாயு கிடைக்கும். ஆனால் இங்கே அழுத்தம் உண்மையிலேயே உயர்கிறது. அழுத்தமானியும், அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் பாதுகாப்பு வால்வும் உள்ள மூடித் தொகுப்பை வாங்காமல் இதில் இறங்காதீர்கள். மூடியில் துளையிட்டுப் பசை வைத்து ஒட்டும் கைவேலை ஈஸ்ட் பாட்டிலுக்குச் சரி, இதற்கு ஆகாது. பாட்டிலில் நசுங்கலோ கீறலோ தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தை மாதம் குடும்பத்தோடு பழனிக்குப் பாதயாத்திரை போகிறோம். வீடு பூட்டிக் கிடக்கும். பாட்டிலை என்ன செய்வது?
— வாசகர், கோட்டையூர்

பதில்: கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே பாட்டிலை முழுவதுமாகக் கழற்றிக் கரைசலைக் கொட்டிக் கழுவி வைத்துவிடுங்கள், ஆள் இல்லாத வீட்டில் நொதிக்கும் பாட்டில் இருக்கக் கூடாது. வாயுவை நிறுத்தும் அன்றே வெளிச்சத்தையும் குறைக்க வேண்டும். எட்டு மணி நேரம் எரியும் விளக்கை டைமரில் ஐந்து மணி நேரமாக்கி, முடிந்தால் ஒளியையும் மங்கலாக்குங்கள். வாயு இல்லாமல் முழு வெளிச்சம் மட்டும் இருந்தால் திரும்பி வரும்போது தொட்டி முழுதும் பாசிதான் இருக்கும். காற்று மோட்டாரும் வடிகட்டியும் நாள் முழுதும் ஓடட்டும். தீனியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து, இரண்டு நாளுக்கு ஒரு பொட்டலம் மட்டும் போடச் சொல்லுங்கள். டப்பாவை அப்படியே கொடுத்தால் அன்பினால் அள்ளிப் போட்டுவிடுவார்கள். ஊர் திரும்பியதும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, புதிய பாட்டிலை வைத்து, விளக்கு நேரத்தை நாளுக்கு அரை மணி வீதம் கூட்டுங்கள்.