பட்டி ஸ்மித்தின் இடைவெளி ஆண்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சொன்னதால் அமெரிக்கப் பாடகி பட்டி ஸ்மித்தின் ‘ஹார்ஸஸ்’ பாடல் தொகுப்பைக் கேட்டேன். அசந்துபோனேன். ஆனால் அவர் வாழ்க்கையைப் படித்தபோது ஏமாற்றமாக இருந்தது. புகழின் உச்சியில், 1979-இல், எல்லாவற்றையும் விட்டுவிட்டு டெட்ராய்ட் பக்கம் போய்க் குடும்பம் நடத்தியிருக்கிறார். பங்க் ராக் என்ற முரட்டுக் கலக இசையின் முன்னோடி இத்தனை வருடம் வீட்டோடு இருந்தது முரண் இல்லையா?

கா., திருச்சி

அன்புள்ள கா.,

எனக்கு அதில் முரண் தெரியவில்லை. பட்டி ஸ்மித் முதலில் கவிஞர். பதின்வயதில் நியூ ஜெர்சியில் தொழிற்சாலை வேலை பார்த்தபோதே பிரெஞ்சுக் கவிஞர் ரேம்போவின் மேல் பித்து பிடித்தவர். 1967-இல் நியூயார்க் போனார், புத்தகக் கடையில் வேலை செய்தார். 1971 பிப்ரவரியில் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் கவிதை வாசித்தபோது லென்னி கேயை கிட்டாரோடு பக்கத்தில் நிற்க வைத்தார். அவருடைய பங்க் அங்கே ஆரம்பித்தது. 1975-இல் சிபிஜிபி என்ற குறுகலான மதுக்கூடத்தில் வாரக்கணக்கில் பாடித் தேறிய பிறகுதான் ஜான் கேல் தயாரிப்பில் ‘ஹார்ஸஸ்’ வந்தது.

அதன் அட்டைப்படத்தை இன்னொரு தடவை பாருங்கள். அவருடைய இளமைக்கால நண்பர், புகைப்படக் கலைஞர் ராபர்ட் மேப்பிள்தார்ப் எடுத்தது. வெள்ளைச் சட்டை, தோளில் போட்ட கறுப்புக் கோட்டு, வாராத தலை. சிரிக்கவில்லை, யாரையும் மயக்கப் பார்க்கவில்லை. அப்படி நின்ற ஒருவர், புளோரன்ஸில் ஒரு விளையாட்டரங்கம் கொள்ளாத கூட்டத்துக்குப் பாடிவிட்டு, போதும் என்று கிளம்பியது எனக்கு வெகு இயல்பாகப் படுகிறது.

சும்மா இருக்கவும் இல்லை. பிள்ளைகள் எழுந்திருக்கும் முன் விடியற்காலையில் உட்கார்ந்து தினமும் எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1988-இல் கணவர் ஃப்ரெட் ஸ்மித்தோடு சேர்ந்து ஒரு தொகுப்பும் கொண்டுவந்தார். ‘பீப்பிள் ஹேவ் த பவர்’ அதில்தான் இருக்கிறது.

அப்புறம் சாவுகள். 1989-இல் மேப்பிள்தார்ப், அடுத்த வருடம் அவருடைய இசைக்குழுவின் பியானோ கலைஞர் ரிச்சர்ட் சோல், 1994 நவம்பரில் கணவர், அடுத்த மாதமே தம்பி. இரண்டு பிள்ளைகளோடு, துக்கத்தோடுதான் அவர் மேடைக்குத் திரும்பினார். 1996-இல் வந்த ‘கான் அகெய்ன்’ தொகுப்பில் அந்தக் குரலைக் கேட்கலாம். இளமையின் வேகம் குறைந்திருக்கிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் கனம் கூடியிருக்கிறது. ‘ஹார்ஸஸ்’ஸைவிட எனக்கு இது நெருக்கம். மேப்பிள்தார்ப்புக்குக் கொடுத்த வாக்கின்படி அவர்கள் இருவரின் இளமைக்காலத்தை எழுதி, 2010-இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது வாங்கினார். அந்த உரைநடை, மேடையை விட்டு விலகியிருந்த காலத்தில் பழகிப் பழகி வந்தது என்றே நம்புகிறேன்.

2016 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் நடந்த நோபல் விழாக் காணொளியையும் பாருங்கள். இலக்கியப் பரிசு பெற்ற பாடகர் பாப் டிலன் வரவில்லை. அவருடைய பாடலை இவர் பாடினார். இரண்டாம் கண்ணியில் வரி மறந்துவிட்டது. 69 வயதுக்காரர், அரச குடும்பம் பார்த்துக்கொண்டிருக்கிறது, பின்னால் முழு ஆர்கெஸ்ட்ரா. நிறுத்தினார். மன்னிப்புக் கேட்டார், பதற்றமாக இருக்கிறது என்று சொன்னார், அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாமா என்று கேட்டார். அவை கைதட்டியது. கடைசி வரை பாடி முடித்தார். அந்தத் துணிச்சலுக்கு நான் பங்க் என்றுதான் பேர் வைப்பேன்.

அடுத்து ‘கான் அகெய்ன்’ கேளுங்கள். அதற்குப் பிறகும் அந்த ஆண்டுகள் வீண் என்று தோன்றினால் எழுதுங்கள், பேசலாம்.