வன்னி வெயிலில் பழ டார்ட் சுடுவது எப்படி?

கேள்வி: பாரிஸில் இருக்கும் தங்கை வீடியோவில் காட்டித்தந்தபடி மாம்பழ டார்ட் செய்தேன். அச்சுத்தட்டு வேண்டாம், ஓரத்தை மடித்துவிட்டால் போதும் என்றாள். எனக்கோ மா பிசையும்போதே எண்ணெய் விட்டது. சுடும்போது பட்டர் தட்டில் ஓடியது, மாம்பழச் சாறும் வழிந்து அடிப்பக்கம் களியாகிவிட்டது. எங்களிடம் சின்ன மேசை அவண்தான் இருக்கிறது. பட்டருக்குப் பதிலாக மாஜரின் போடலாமா? (வாசகி, உருத்திரபுரம், கிளிநொச்சி)

பதில்: தங்கையின் அளவுகளைச் சந்தேகப்படாதீர்கள். அவருடைய குசினி வேறு, உங்களுடையது வேறு. பட்டர் 20 பாகை செல்சியசைத் தாண்டினாலே இளகத் தொடங்கும், 32 முதல் 35க்குள் உருகிவிடும். வைகாசி, ஆனியில் கிளிநொச்சிக் குசினி மத்தியானத்தில் அந்தச் சூட்டில்தான் கிடக்கும். அதோடு கைச்சூடும் சேர்கிறது.

இந்த மாவில் பட்டர் கரையக் கூடாது, துண்டு துண்டாகவே கிடக்க வேண்டும். பட்டரில் ஏறக்குறைய 16 வீதம் தண்ணீர் இருக்கிறது. அவண் சூட்டில் அது ஆவியாகி மா அடுக்குகளைத் தள்ளிப் பிரிப்பதால்தான் ஓரம் பொரபொரவென்று உதிர்கிறது. அவணுக்குப் போகுமுன்பே உருகிவிட்டால் பிரிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

அதனால் மா வேலையை விடியக்காலையிலேயே முடித்துவிடுங்கள். 200 கிராம் கோதுமை மா, ஒரு மேசைக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு மூன்றையும் கலந்து, கிண்ணத்தோடு முதல் நாள் இரவே பிரிட்ஜில் வையுங்கள். 120 கிராம் பட்டரை பிரீசரில் கல்லாக்கி, கரட் துருவும் துருவியில் நேரே மாவுக்குள் துருவுங்கள். விரல் நுனியால் இரண்டு தரம் கிளறினால் போதும். பிறகு ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாகத் தெளியுங்கள். நாலு மேசைக்கரண்டியளவில் சரியாக வரும். ஒரு பிடி எடுத்து அமத்திப் பாருங்கள்: உருண்டையாக நிற்க வேண்டும், பிட்டால் உள்ளே வெள்ளை மாவுக்கு நடுவில் மஞ்சள் பட்டர்க் கீறுகள் தெரிய வேண்டும். ஒரே மஞ்சளாகத் தெரிந்தால் கை அதிகம் பட்டுவிட்டது என்று அர்த்தம். ரொட்டிக்குப் பிசைவதுபோல் இதை அடித்துப் பிசையவே கூடாது, இறுகிவிடும்.

இன்னொன்று. புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவித்து அரித்து வைத்திருக்கும் கோதுமை மாவை இதற்கு எடுக்காதீர்கள். அவித்த மாவில் இழுவை போய்விடும். உருட்டும்போது பிளந்துகொண்டே போகும்.

பிசைந்ததைத் தட்டையாக்கிச் சுற்றி, ஒரு மணித்தியாலம் பிரிட்ஜில் வையுங்கள். இரண்டு லஞ்ச் சீற்றுக்கு (சோற்றுப் பொதி சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) நடுவில் வைத்து, குளிர்தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் போத்தலால் உருட்டினால் கையும் படாது, சூடும் ஏறாது. மூன்று நாலு மில்லிமீற்றர் தடிப்பு போதும். வட்டம் கோணினாலும் பரவாயில்லை. சின்ன அவண் என்பதால் ஒன்றைப் பெரிதாகச் செய்யாமல் சின்னதாக இரண்டு செய்வது நல்லது. சுடுமுன் லஞ்ச் சீற்றை உரித்துவிட்டு, பேக்கிங் கடுதாசியில் வைக்க மறக்க வேண்டாம்.

இனிச் சாறு. நன்றாகப் பழுத்த கறுத்தக்கொழும்பானைச் சும்மா சாப்பிடுங்கள், டார்ட்டுக்குள் போட்டு வீணாக்காதீர்கள். இதற்குக் கொஞ்சம் இறுக்கமான மாம்பழம்தான் சரி. 400 கிராம் துண்டுகளுக்கு இரண்டு மேசைக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு சேர்த்துக் கால் மணித்தியாலம் வைத்தால் சாறு பிரிந்து நிற்கும். அதை வடித்து, பாகுபோல் வரும்வரை காய்ச்சி, ஆறவிட்டுத் திரும்பச் சேருங்கள். பிறகு ஒரு மேசைக்கரண்டி கோன்ஃபிளவர். அன்னாசிக்கும் இதே வழி. கொய்யா இன்னும் சுலபம், விதையை வழித்துவிட்டால் போதும்: அதிலுள்ள பெக்டின் சாறைத் தானாகவே இறுக்கிவிடும். வாழைப்பழத்தில் சாற்றுத் தொல்லையே இல்லை. முதல் தரம் செய்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். பாலைப்பழக் காலத்தில் அதையும் போட்டால் என்ன என்று ஆசை வரும். பிசினும் விதையுமாக இருக்கும் அதை மரத்தடியில் வைத்தே தின்று முடிப்பதுதான் மரியாதை!

பழத்துக்குக் கீழே வறுத்த றவையோ பொடித்த கஜுவோ இரண்டு மேசைக்கரண்டி தூவுங்கள், மிச்சச் சாறை அது குடித்துக்கொள்ளும். ஓரத்தைப் பழத்தின்மேல் மடித்து, பால் பூசி, சீனி தூவி, கடைசியாக இருபது நிமிடம் பிரீசரில் வையுங்கள். மற்ற எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்க வேண்டாம். குளிர்ந்து இறுகிய மா நல்ல சூட்டுக்குள் போனால்தான் பட்டர் வழிந்தோடுமுன் மா இறுகிக்கொள்ளும்.

அவணை 200 பாகையில் அரை மணித்தியாலம் சூடாக்குங்கள், வெறும் தட்டும் உள்ளேயே காயட்டும். டார்ட்டை அந்தப் பேக்கிங் கடுதாசியோடு அந்தச் சூடான தட்டில் இறக்கிக் கீழ்த்தட்டில் வையுங்கள். அடி வேகாததற்குப் பெரும்பாலும் ஆறிய தட்டுத்தான் காரணம். 35 முதல் 45 நிமிடம் எடுக்கும். மேசை அவணில் மேல்கம்பி கிட்ட இருப்பதால் மேற்பக்கம் முந்திச் சிவக்கும், அப்படியானால் அலுமினியத் தாளால் மூடுங்கள். நடுவில் சாறு கொதித்துக் குமிழி விட வேண்டும். கொதிக்காத கோன்ஃபிளவர் இறுகாது.

கரண்ட் அடிக்கடி போகிற பக்கம் என்றால், அடிகனத்த சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணல் போட்டும் சுடலாம். மேலே தணல் கூடவும் கீழே நெருப்புக் குறையவும் இருக்க வேண்டும். பக்கத்தில் போறணை உள்ள தெரிந்த பேக்கரி இருந்தால், பாண் எடுத்த பிறகு உங்கள் தட்டை உள்ளே வைக்க விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

மாஜரின் போடலாம். கட்டியாக விற்கும் மாஜரின் வெயிலைப் பட்டரைவிட நன்றாகத் தாங்கும், மணம்தான் குறைவு. 60 கிராம் பட்டர், 60 கிராம் மாஜரின் என்று பாதிப் பாதி போடுங்கள். பாணில் பூசும் மென்மையான டப்பா வகை வேண்டாம், அதில் தண்ணீர் அதிகம்.

சுட்டெடுத்து அரை மணித்தியாலம் ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அன்றைக்கே முடித்துவிடுவது நல்லது. மிஞ்சினால் பிரிட்ஜில் வைத்து, அடுத்த நாள் அவணில் பத்து நிமிடம் காட்டினால் ஓரம் திரும்பவும் மொறுமொறுப்பாகும்.