மூன்று வேஷம், ஒரு மணி நேரம்

அன்புள்ள மேடம்,

நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். அக்டோபர் என்றால் ஃப்ளூ ஊசிக்கு வரிசை கட்டி நிற்பார்கள், லீவு என்று வாயைத் திறக்க முடியாது. பிள்ளைகள் மூன்று பேர். மகளுக்கு 11 வயது, பெரியவனுக்கு 7, கடைக்குட்டிக்கு மூன்றரை.

ஹாலோவீன் நெருங்கினாலே வயிற்றைப் பிசைகிறது. இந்த முறை அது சனிக்கிழமை. முந்தின நாள் பள்ளியில் வேஷ ஊர்வலம் வேறு. சனியன்று நான் வேலை முடிந்து வீடு வர நாலரை ஆகும், ஆறு மணிக்குள் இருட்டிவிடும். அதற்குள் மூன்று பேருக்கும் சாப்பாடு கொடுத்து, வேஷம் போட்டு, ஜாக்கெட் மாட்டி (அதற்குத் தனிச் சண்டை) கிளப்ப வேண்டும். பெரியவன் ஆக்டோபஸ் என்றான், வாங்கியாயிற்று. இப்போது டிராஃபிக் லைட்டாகத்தான் போவானாம். மகள் தோழிகளோடு போகிறாளாம், நான் கூட வரக்கூடாதாம். எதிர்வீட்டுப் புல்வெளியில் நிற்கும் 12 அடி எலும்புக்கூட்டைப் பார்த்தாலே சின்னவன் அலறுகிறான்.

"என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்" என்கிறார் கணவர். சொல்வதற்கே எனக்குத் தெம்பில்லை. திருச்செந்தூரிலிருந்து வந்திருக்கும் அத்தை, "பேய் வேஷம் போட்டு வீடு வீடா மிட்டாய் கேக்குறது என்ன பழக்கம்? அடுத்த வாரம் வர்ற தீபாவளிக்கு இவ்வளவு மெனக்கெடுறியா?" என்கிறார். 2024-ல் இரண்டும் ஒரே நாளில் வந்தபோதும் ஃபோனில் இதே பேச்சுதான். தெருவில் மற்ற அம்மாக்கள் குடும்பத்துக்கே ஒரே மாதிரி உடை தைத்து வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிறார்கள். நான் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து, பெரிய அட்டைப்பெட்டி எங்கே கிடைக்கும் என்று யோசிக்கிறேன். ஒரு பண்டிகைக்காக இப்படி அழுகை வருவது சாதாரணமா? மகளை அனுப்பலாமா?

பெயர் வேண்டாம்,
நியூ ஜெர்சி

*

அன்புத் தோழிக்கு,

அழுகை வருவது சாதாரணம்தான். உடை தைத்துப் படம் போட்ட அம்மாக்கள் நாள் முழுக்க ஊசி போட்டுவிட்டு வந்து தைக்கவில்லை. அந்தக் குழுவை நவம்பர் பிறக்கும்வரை மியூட்டில் போடுங்கள்.

என் கண்ணில் பட்டது உங்கள் கணவர் சொன்ன வரி. அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் யாருக்கு என்ன வேண்டும், எது வாங்கியாயிற்று, எது பாக்கி என்ற கணக்கு முழுவதும் உங்கள் தலைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு மணிக்கு உங்களை எழுப்புவது அதுதான். அதனால் வேலைகளைப் பங்கு போடுவதைவிடப் பிள்ளைகளைப் பங்கு போடுங்கள். டிராஃபிக் லைட் இனி முழுக்க அப்பா பொறுப்பு: பெட்டி தேடுவது, வட்டம் வெட்டுவது, வெள்ளிக்கிழமை அதைப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது உட்பட. நடுவில் எட்டிப் பார்க்காதீர்கள். பச்சையை மேலே ஒட்டிவிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. இது அவரைவிட உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும். பெரியவனிடம், 25-ஆம் தேதிக்குப் பிறகு மனம் மாறினால் ஆக்டோபஸ்தான் என்று சொல்லிவிடுங்கள்.

சனியன்று நீங்கள் வருவதற்குள் சாப்பாடு முடிந்திருக்கட்டும், அதுவும் அவர் கணக்கில். ஜாக்கெட் சண்டைக்கு வழி எளிது: வேஷத்தை ஒரு அளவு பெரிதாக எடுத்து, குளிர் உடையை உள்ளே போட்டுவிடுங்கள். அந்த மாலையில் உங்களுக்குப் பிடித்தது எது? முகத்துக்குச் சாயம் பூசுவதா, தெருவில் நடப்பதா? அதை மட்டும் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னவன் விஷயத்தில் அவசரம் வேண்டாம். முகமூடிக்குப் பின்னால் இருப்பது தெரிந்த ஆள்தான் என்பது அந்த வயதில் முழுசாகப் பிடிபடாது. "அது பொம்மைடா" என்று எத்தனை முறை சொன்னாலும் பயம் அப்படியே இருக்கும். பகல் வெளிச்சத்தில், அவன் போதும் என்று நிற்கும் இடம்வரை மட்டும் கூட்டிப்போய் எலும்புக்கூட்டைக் காட்டுங்கள். வீட்டில் ஒரு முகமூடியை அவனே உங்களுக்கு மாட்டிக் கழற்றட்டும். அன்று மாலை அவன் தெருவுக்கு வந்தே ஆகவேண்டும் என்று ஒன்றுமில்லை. அத்தையோடு வாசலில் உட்கார்ந்து, வருகிற பேய்களுக்கு மிட்டாய் கொடுக்கட்டும். கை நீட்டி நிற்கிற பேயிடம் குழந்தைகளுக்கு அவ்வளவாகப் பயம் இருப்பதில்லை. கெட்டி மிட்டாய் மட்டும் அவன் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், நாலு வயதுக்குள் அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அத்தை இதற்குச் சம்மதிப்பாரா என்கிறீர்களா? திருச்செந்தூர்க்காரர் குலசேகரன்பட்டினம் தசராவைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார். விரதம் இருந்து காளி, குறவன், குரங்கு, போலீஸ் என்று வேஷம் கட்டி, வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்கி முத்தாரம்மனுக்குச் செலுத்துகிறார்கள். அது நேர்த்திக்கடன், இது விளையாட்டு. இரண்டையும் ஒன்றாக்கி அவரோடு வாதாட வேண்டாம். "உங்க ஊர்ல யார் யார் என்ன வேஷம் கட்டுவாங்க, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கத்தை" என்று கேட்டுப் பாருங்கள். புலம்புகிறவருக்குப் பல சமயம் வேண்டியது பிள்ளைகளோடு தனக்கும் ஒரு இடம். தீபாவளிப் பலகாரத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள், அதில் உங்களுக்கு மேற்பார்வை வேலைகூட வேண்டாம்.

மகளை நானாக இருந்தால் அனுப்புவேன். நாலைந்து பேர் சேர்ந்து, தெரிந்த தெருக்களுக்குள், கையில் ஃபோனோடு, குறித்த நேரத்தில் திரும்புவதாக இருந்தால். அம்மா வேண்டாம் என்று அவள் சொல்வது உங்களை ஒதுக்குவதற்கு இல்லை, பதினொரு வயது அப்படித்தான் பேசும். மிட்டாயில் யாராவது விஷம் வைப்பார்களோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள், கவலைப்பட வேண்டியது காரைப் பற்றி. 1975 முதல் 2016 வரையிலான அமெரிக்க விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தபோது, முன்பின் வாரங்களின் அதே மாலையைவிட ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் இறக்கும் அபாயம் 43 சதவீதம் கூடுதலாக இருந்தது. அவள் கறுப்பு அங்கி போடுகிறாள் என்றால் முதுகிலும் கையிலும் ஒளிரும் டேப் ஒட்டுங்கள். சாலையை முனையில் மட்டுமே கடக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

குளிர்காலத்துக்காக அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பதும் அன்று இரவுதான். பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, எப்போதும்போல் எழுந்துவிடுவார்கள். ஞாயிறு காலை அவர்களோடு எழுவது உங்கள் முறை இல்லை என்று கணவரிடம் இப்போதே பேசி வையுங்கள். தீபாவளி முடிந்த பிறகும் ராத்திரி விழிப்பும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதைப் பண்டிகைக் களைப்பு என்று விட்டுவிடாமல் உங்கள் குடும்ப டாக்டரிடம் சொல்லுங்கள்.