ஒட்டுமீசையோடு நின்றவன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்க நேரலை நகைச்சுவை நிகழ்ச்சியில் ஹாலிவுட் நடிகர் ரயன் காஸ்லிங் தொகுத்து வழங்கிய 2024 ஏப்ரல் 13 எபிசோடை இப்போதுதான் பார்த்தேன். யூடியூபில் ஒவ்வொரு ஸ்கெட்ச்சாக, அதாவது ஒவ்வொரு குட்டி நகைச்சுவை நாடகமாகப் பார்த்து, பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு ஒரு விமர்சனம் எழுதி இணைத்திருக்கிறேன். வேற்றுகிரகவாசிகள் தூக்கிக்கொண்டு போன கதையை நடிகை கேட் மெக்கின்னன் சொல்லும் தொடக்கக் காட்சிக்கு 7 (பழைய சரக்கு). பீவிஸ், பட்ஹெட் என்ற கார்ட்டூன் பையன்களை வைத்துச் செய்த ஸ்கெட்ச்சுக்கு 9. நடிகை ஹைடி கார்ட்னர் நடிப்பின் நடுவே அடக்க முடியாமல் சிரித்துவிட்டதால் அதில் ஒன்று குறைத்தேன். மற்றவை 4, 5. சராசரி 5.8. கடைசி ஒன்றிரண்டைப் பார்க்கவில்லை. நடிகர்கள் ஓரக்கண்ணால் வசன அட்டையைப் பார்த்து வாசிப்பது எரிச்சலூட்டியது. நிகழ்ச்சி முன்பு போல் இல்லை என்றும் தோன்றியது. நேரலை நகைச்சுவையை விமர்சிக்க என் முறை சரிதானா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் விமர்சனத்தை இரண்டு முறை படித்தேன். நன்றாக எழுதுகிறீர்கள். எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்கிறீர்கள். விமர்சகர்களில் பாதிப் பேருக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. சராசரி 5.8 என்று வந்த இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டேன். தசமப் புள்ளி வைத்துச் சிரித்திருக்கிறீர்கள்.

'முன்பு போல் இல்லை' என்பதை விட்டுவிடலாம். 1975 அக்டோபர் 11 அன்று தொடங்கிய நிகழ்ச்சி இது. முதல் நடிகர்களில் ஒருவரான செவி சேஸ் அடுத்த ஆண்டே விலகினார். அன்றைக்கே யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள். பதினாறு வயதில் நாம் பார்த்த நடிகர்கள்தான் எப்போதுமே சிறந்த நடிகர்கள். உங்களுக்கு எந்த வருடம் பதினாறு வயது என்று மட்டும் சொல்லுங்கள், உங்கள் பொற்காலத்தை நான் சொல்லிவிடுகிறேன்.

'பழைய சரக்கு' என்றீர்களே, அதுவும் பெரிய விஷயமில்லை. மெக்கின்னனும் காஸ்லிங்கும் அந்தக் காட்சியை முதலில் செய்தது 2015 டிசம்பரில். எட்டு வருடம் கழித்து அதே இருவர் அதே நாற்காலிகளுக்குத் திரும்புகிறார்கள் என்பதில் ஒரு சுகம் இருக்கிறது. உங்களுக்கு இல்லையென்றால் இல்லை.

அட்டை விஷயத்துக்கு வருவோம். நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் பிளாசா 30ஆம் எண் கட்டடம், ஸ்டுடியோ 8எச். ஒருகாலத்தில் இசை நடத்துநர் டாஸ்கனினியின் வானொலி இசைக்குழு வாசித்த இடம். செவ்வாய் இரவெல்லாம் எழுத்தாளர்கள் எழுதுகிறார்கள். புதன்கிழமை நாற்பது ஸ்கெட்ச் அளவுக்கு மேசையில் வைத்து வாசிக்கிறார்கள். அதில் ஒரு டஜன் தேறினால் அதிகம். இரண்டு நாளில் செட் எழும்புகிறது. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, இலவச டிக்கெட்டில் வந்த நிஜப் பார்வையாளர்கள் முன்னால் டிரஸ் ரிகர்சல். அது ஒளிபரப்பைவிட நீளம். பத்து மணிக்கு மேல் தயாரிப்பாளர் லோர்ன் மைக்கேல்ஸ் தன் அறையில் உட்கார்ந்து சிலவற்றைத் தூக்குகிறார், சிலவற்றை இடம் மாற்றுகிறார், வசனங்கள் திருத்தப்படுகின்றன. பதினொன்றரைக்கு நேரலை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் மாறிய வசனத்தை நடிகர் எப்படி மனப்பாடம் செய்வார் என்று நினைக்கிறீர்கள்? அதற்குத்தான் கையால் எழுதிய அந்த அட்டைகள். அவர் கண் ஓரமாகப் போனால், அந்த வசனம் அப்போதுதான் பிறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சிரிப்புக்கு ஒரு மதிப்பெண் வெட்டினீர்களே, அது அநியாயம். மேடையில் சிரித்துவிடும் பழக்கம் எனக்கும் பிடிக்காது. இதில் முன்பு நடித்த ஜிம்மி ஃபாலன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கும்போதெல்லாம் எனக்குச் சேனலை மாற்றத் தோன்றும். மைக்கேல்ஸுக்கும் பிடிக்காது என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ஹைடி கார்ட்னர் செய்தது அதுவல்ல. செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு கனமான கலந்துரையாடல். நடத்துபவர் அவர். பின்னால் உட்கார்ந்திருக்கும் நடிகர் மைக்கி டேயை அவர் திரும்பிப் பார்க்க வேண்டும். திரும்பினால், அங்கே கார்ட்டூன் பட்ஹெட்டே பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறான். அதன் பிறகு அவர் படும் பாட்டைப் பாருங்கள். கேள்வியை முடிக்கப் பார்க்கிறார், முகத்தைத் திருப்பப் பார்க்கிறார், தோற்றுப்போகிறார். நாம் சிரிப்பது அந்தப் போராட்டத்துக்கு. இதே நிகழ்ச்சியில் முன்பு நடிகர் பில் ஹேடர் ஸ்டெஃபான் என்ற பாத்திரமாக வரும்போது, அதை எழுதும் ஜான் முலேனி கடைசி நேரத்தில் அட்டையில் புது வரியைச் செருகிவைப்பார். ஹேடர் அதைக் கேமரா முன்னால்தான் முதலில் வாசிப்பார், இரண்டு கையாலும் வாயை மூடிக்கொள்வார். எழுதியவனும் நடிப்பவனும் நம் கண்ணெதிரே மல்லுக்கட்டுகிறார்கள். இதற்கு அபராதமா?

சரி, இனி உண்மையான குற்றத்துக்கு வருகிறேன். நீங்கள் எபிசோடையே பார்க்கவில்லை, ர. துண்டுகளைப் பார்த்திருக்கிறீர்கள். 'கடைசி ஒன்றிரண்டைப் பார்க்கவில்லை' என்று ஏதோ தட்டில் கறிவேப்பிலையை ஒதுக்கியது போல எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

தொண்ணூறு நிமிட நேரலையில் எது எங்கே வருகிறது என்பது பாதி நகைச்சுவை. முன்பகுதியில் எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி, கூட்டத்தோடு ஒட்டிய சமாச்சாரங்கள். நடுவில் வீக்கெண்ட் அப்டேட் என்ற கேலிச் செய்தி அறிக்கை. அதற்கப்புறம் வீட்டில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, 12:50க்கு, கடைசி ஸ்கெட்ச் வரும். எந்த எழுத்தாளர் ராத்திரி மூன்று மணிக்குத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு எழுதினாரோ, எதை முன்னால் வைத்தால் அரங்கம் புரியாமல் விழிக்குமோ, அது அங்கேதான் போகும். அதில் பலது தோற்கும். பார்வையாளர் மௌனமாக இருப்பார்கள். அந்த மௌனமும் எபிசோடில் சேர்த்தி. அந்த நேரத்துக் களைப்பு, கிறுக்கு, 'இனி என்ன ஆனால் என்ன' என்ற விட்டேற்றித்தனம் இதெல்லாம் மறுநாள் காலை காபியோடு நான்கு நிமிடத் துண்டாகப் பார்க்கும்போது கிடைக்காது. யூடியூபில் 12:50 என்று ஒரு மணியே இல்லை.

அதற்கும் பின்னால் இன்னொன்று இருக்கிறது. ரிகர்சலில் வெட்டப்பட்டவை. சிலவற்றை 'நேரம் போதாமல் வெட்டியது' என்று இப்போது இணையத்தில் போடுகிறார்கள். மற்றவை போனது போனதுதான். பீவிஸ், பட்ஹெட் ஸ்கெட்ச்சே வேறு தொகுப்பாளர்களோடு முயன்று பார்த்து, வருடக்கணக்கில் கிடப்பில் இருந்த ஒன்று. மேடைக்கு வராமல் போயிருந்தால் நீங்கள் அதற்கு 9 போட்டிருக்க முடியாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. இருபத்துமூன்று வயதில் நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து மேடையில் நகைச்சுவைத் துணுக்குகள் போட்டோம். மொத்தம் ஆறு. எங்களுக்குக் கொடுத்தது ஒரு மணி நேரம். ஒத்திகையில் எழுபது நிமிடம் ஓடியது. ஒன்றைத் தூக்க வேண்டும், அதை முடிவு செய்ய வேண்டியவன் நான். ஒரு நண்பன் எழுதிய துணுக்கில், ஒருவன் தன்னுடைய இரங்கல் கூட்டத்துக்கே தாமதமாக வந்து பின்வரிசையில் உட்காருவான். பேச்சாளர்கள் அவனைப் புகழப் புகழ, கையைத் தூக்கித் திருத்தம் சொல்லிக்கொண்டே இருப்பான். "ஐயா, அந்தக் கடனை நான் திருப்பிக் கொடுக்கவில்லை." ஒத்திகையில் யாரும் சிரிக்கவில்லை. அதைத் தூக்கிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை என்பது காரணங்களில் ஒன்று. என்னுடையதைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை என்பது இன்னொன்று. இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் முறை.

நான் சொல்லும்போது அவன் ஒட்டுமீசை வைத்து முடித்திருந்தான். "பரவால்லடா" என்றான். பிறகு நிகழ்ச்சி முழுக்க மேடை ஓரத்தில் நின்று திரையை இழுத்தான், மீசையோடு. அதைப் பிய்த்தால் வலிக்கும் என்பதால் எடுக்கவில்லையா, கடைசி நிமிடத்தில் கூப்பிடுவேன் என்று நினைத்தானா, தெரியாது. முடிவில் ஏழு பேரும் மேடைக்கு வந்து வணங்கினோம். மீசை வைத்த இவர் எதில் வந்தார் என்று முன்வரிசையில் ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவரைக் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது.

மறுநாள் ஒருவர் ஐந்து துணுக்குகளுக்கும் மதிப்பெண் போட்டு எழுதிக் கொடுத்தார். என்னுடையதற்குத்தான் அதிகம். அது என்ன துணுக்கு என்று இன்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. இரங்கல் கூட்டம் மட்டும் வரிவரியாக நினைவிருக்கிறது.

ஆகவே முழு எபிசோடையும் இரவில், ஒரே இருப்பில் பாருங்கள். முடிவில் எல்லோரும் மேடையில் கூடி விடைபெறுவார்கள், தொகுப்பாளர் நன்றி சொல்வார், ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அப்போது ரயன் காஸ்லிங்கைப் பார்க்க வேண்டாம். ஓரங்களைப் பாருங்கள். அப்புறம் விமர்சனத்தைத் திருத்தி எழுதி அனுப்புங்கள். மதிப்பெண் இருந்தால் படிக்க மாட்டேன்.

இந்தப் பதிலை வெளியிடும் முன் அந்த நண்பனுக்கு அனுப்பிக் காட்டினேன். ஒரே வரியில் பதில் வந்தது. "ஒத்திகைல ஒருத்தர் சிரிச்சார்டா, லைட் போட்டவர்."

அன்புடன்.