ரெஸ்யூமில் புறா – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் தண்டையார்பேட்டை. பத்தாவது முடித்துவிட்டு பாலிடெக்னிக்கில் சிவில் சேர்ந்தேன், இப்போது நான்காவது செமஸ்டர். ரயிலில் போகும்போது உங்கள் தளத்தைப் படிப்பேன்.

போன வாரம் எங்களுக்கு வேலைவாய்ப்புப் பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். எல்லாரையும் ரெஸ்யூம் எழுதச் சொன்னார். ஹாபி என்ற இடத்தில் நான் 'புறா வளர்ப்பு' என்று எழுதினேன். அவர் அதைச் சத்தமாக வாசிக்க, வகுப்பே சிரித்தது. "இதை எடுத்துடு. ரீடிங் புக்ஸ், லிசனிங் மியூசிக்னு போடு" என்றார்.

எங்கள் மாமா மாடியில் ஹோமர் என்ற பந்தயப் புறாக்களை வைத்திருக்கிறார். ஸ்கூல் படிக்கும் காலத்திலிருந்தே காலையில் கூண்டு திறப்பது, தீனி, தண்ணீர், சுத்தம் எல்லாம் நான்தான். எந்தப் புறா எங்கிருந்து எத்தனை மணிக்கு வந்தது என்று நோட்டில் எழுதுவதும் நான்தான். அம்மாவுக்குப் பிடிக்காது. உருப்படாத பசங்க வேலை என்பார். மேத்ஸில் ஒரு அரியர் இருக்கிறது, அதற்கும் புறாதான் காரணம் என்கிறார். கூடப் படிக்கிறவர்களில் ஒருவன் ஜிம், ஒருவன் கேரம், ஒருவன் யூடியூப் சேனல் வைத்திருக்கிறான். எனக்குத்தான் வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. புத்தகம் படிப்பது போல ஏதாவது ஒரு நல்ல ஹாபியைப் பழகிக்கொள்ளலாமா? எதில் ஆரம்பிப்பது? பெயர் போட வேண்டாம் சார்.

*

அன்புள்ள தம்பி,

எழுத்தாளனிடம் வந்து புத்தகம் படிக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றா சொல்வான்? தாராளமாகப் படியுங்கள். ரயிலில் என்னையே படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்குப் பொறுமையும் இருக்கிறது. ஆனால் ரெஸ்யூமில் ஒரு வரியை நிரப்புவதற்காக ஒரு பழக்கத்தை உண்டாக்க வேண்டாம். ஆள் எடுக்க உட்கார்ந்திருப்பவர் காலையிலிருந்து வரிசையாக ரீடிங் புக்ஸாகவே பார்த்திருப்பார். "கடைசியா என்ன புக் படிச்சே?" என்று கேட்டதும் பாதிப் பேர் விழிப்பார்கள். நடுவில் புறா என்று எழுதிய ஒருவன் வந்தால் அவர் நிமிர்ந்து உட்காருவார். சிரிக்கவும் செய்யலாம். சிரிக்கட்டும். அடுத்ததாக ஏதாவது கேட்பார் இல்லையா, அங்கே உங்களிடம் சரக்கு இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் பயிற்சிக்கு வந்தவர் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. 'புறா வளர்ப்பு' என்று மொட்டையாக எழுதினால் தானியம் தூவுகிற ஆள் மாதிரிதான் தெரியும். 'பந்தய ஹோமர் புறாக்களைப் பழக்குதல், பறக்கும் தூரத்தையும் வேகத்தையும் பதிவு செய்தல்' என்று எழுதுங்கள். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நீங்கள் தினமும் செய்வதுதான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும், குறிப்பாகக் கூவம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆட்களுக்காகவும், கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். வடசென்னை மாடிகளில் இருக்கும் புறாவெல்லாம் ஒரே வகை இல்லை. சாதாப் புறா வீட்டுக்கு மேலேயே வட்டமடித்து மணிக்கணக்கில் நிற்கும். இறங்காமல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் போட்டி. கர்ணப் புறா வானத்தில் குட்டிக்கரணம் போடும். ஹோமர் சமாச்சாரமே வேறு. கூடையில் வைத்து வடக்கே கொண்டுபோய்த் திறந்துவிட்டால் தன் கூண்டைத் தேடி வந்துவிடும். முதலில் மீஞ்சூர், அப்புறம் கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை, நெல்லூர் என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். குஞ்சாக இருக்கும்போதே, பிறந்த ஒரு வாரத்துக்குள், காலில் ஒரு முழு வளையம் மாட்டிவிடுவார்கள். வருடமும் எண்ணும் அதில் இருக்கும். கால் வளர்ந்தபிறகு அதைக் கழற்றவும் முடியாது, வேறு வளையம் மாட்டவும் முடியாது. புறாவின் ஆதார் அட்டை அதுதான்.

இப்போது சிவில் மாணவருக்கான பகுதி. நெல்லூரில் காலை 6.30க்குத் திறந்துவிட்ட புறா 8.45க்குத் தண்டையார்பேட்டை மாடியில் இறங்குகிறது என்று வையுங்கள். நேர்கோட்டில் தூரம் சுமார் 150 கிலோமீட்டர். 135 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு 1,111 மீட்டர், மணிக்கு 66 கிலோமீட்டர் சொச்சம். நல்ல ஹோமருக்கு இது சாதாரண வேகம்தான். ஆனால் பந்தயத்தில் முதலில் இறங்கிய புறா ஜெயித்ததாகக் கணக்கு இல்லை. எண்ணூரில் ஒரு கூண்டு, புளியந்தோப்பில் ஒரு கூண்டு என்றால் வடக்கிலிருந்து வரும் புறாவுக்குப் புளியந்தோப்பு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் அதிகம். அதைப் பறக்க 9 நிமிடம் வேண்டும். அதனால் ஒவ்வொரு கூண்டின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தனித்தனியாக எடுத்து, திறந்துவிட்ட இடத்திலிருந்து அந்தக் கூண்டுக்கு உள்ள தூரத்தைக் கணக்கிட்டு, வேகத்தை வைத்துத்தான் பரிசு கொடுக்கிறார்கள். கூண்டின் இடத்தைக் குறிப்பதில் தவறு வந்தால் பரிசே மாறிப்போகும். சர்வே பாடத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தூரம் எடுக்கச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் தூங்குவார்கள். உங்கள் மாமா அதற்காகச் சண்டையே போடுவார். இந்த வித்தியாசத்தை ஒரு கட்டுமான நிறுவனத்தின் இன்ஜினியர் எதிரே உட்கார்ந்து, ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினால் அவர் சிரிப்பாரா?

எப்படித் திரும்பி வருகிறது என்றும் கேட்பார். யாராக இருந்தாலும் இதைக் கேட்பார்கள். 'அதுக்குத் தெரியும் சார்' என்று நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்காவில் வில்லியம் கீட்டன் என்ற விஞ்ஞானி புறாக்களின் முதுகில் சின்னக் காந்தத்தைக் கட்டிப் பறக்கவிட்டுப் பார்த்தார். ஏற்கெனவே பறந்து பழகிய புறாக்கள் வெயில் நாளில் வீடு வந்துவிட்டன. மேகம் மூடிய நாளில் திசை தெரியாமல் குழம்பின. காந்தத்துக்குப் பதில் பித்தளைத் துண்டு கட்டியவை மேகத்திலும் வந்து சேர்ந்தன. 1971இல் வெளிவந்த ஆய்வு இது. அதாவது சூரியன் இருந்தால் சூரியன், இல்லாவிட்டால் பூமியின் காந்தம். இத்தாலியில் ஃப்ளோரியானோ பாப்பி என்பவர் வாசனைதான் முக்கியம் என்றார். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. உங்கள் நோட்டில் மேகமூட்டமான நாட்களைத் தனியாகக் குறித்து வந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் நாளையிலிருந்து வானிலைக்கு ஒரு கட்டம் போடுங்கள். காற்று எந்தப் பக்கம் என்பதற்கும் ஒன்று.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. "எனக்குத்தான் வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை." நானும் கொருக்குப்பேட்டையிலிருந்து டிப்ளமோ படித்தவன்தான். டிராயிங் ஷீட்டைச் சுருட்டிக் குழாயில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, பைக்குள் டிராஃப்டர் ஆடாமல் பிடித்துக்கொண்டு, கும்மிடிப்பூண்டி லைனில் தொங்கிய கூட்டத்தில் ஒருவன். பாலிடெக்னிக் பையன்களின் பொழுதுபோக்குகளை எனக்குத் தெரியும். பதினாறு வயதில் காக்கி போட்டு ஒர்க்‌ஷாப்பில் நின்று, ஒரு இரும்புத் துண்டை மூலை சரியாக வரும்வரை அரத்தால் ராவிக்கொண்டிருந்த பையனுக்குக் கை சும்மா இருக்காது. ரிச்சி தெருவில் பழைய ஆம்ப்ளிஃபையர் போர்டு வாங்கிவந்து ஸ்பீக்கர் பெட்டி அடிப்பான். அண்ணனின் பைக் கார்புரேட்டரைக் கழற்றிப் பரப்பி வைப்பான். கொளத்தூரிலிருந்து ஃபைட்டர் மீன் வாங்கிவந்து வரிசையாகப் பாட்டிலில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைப்பான். ரயில் பெட்டியின் தகரத்தில் தாளம் தட்டி கானா பாடுவான். சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய் நிமிடத்துக்கு 30 வார்த்தை ஜூனியர் முடித்து, 45க்கு அடித்துக்கொண்டிருப்பான். ஆனால் இதில் ஒன்றாவது ரெஸ்யூமில் வருமா? வராது. அங்கே எல்லாருக்கும் ஒரே ஹாபி, யாருக்கும் இல்லாத ஹாபி. நல்ல கல்லூரியில் படித்த, நல்ல வீட்டுப் பிள்ளை எதைச் செய்வான் என்று நாமாகக் கற்பனை செய்து அதை எழுதுகிறோம்.

உங்கள் நண்பனின் கேரமையே எடுத்துக்கொள்ளுங்கள். தெருமுனையில் போர்டு போட்டு, பவுடர் தூவி, நூறு வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் ஆடுபவர்களை எங்கள் காலத்தில் யாரும் விளையாட்டு வீரர் என்று சொன்னதில்லை, வெட்டிப்பசங்க என்றார்கள். அதே சென்னையிலிருந்து வந்த மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன் ஆனார், 1996க்கான அர்ஜுனா விருதும் வாங்கினார். புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அரசு 1 கோடி ரூபாய் கொடுத்தது. அதற்கப்புறம் கேரம் பலகையைப் பார்க்கிற பார்வை நம் பக்கத்தில் கொஞ்சம் மாறியிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் தங்கம் வந்தபிறகுதான் மரியாதை என்றால், தங்கம் வராமல் நாற்பது வருடம் ஆசையாக ஆடிய ஆளுக்கு என்ன கணக்கு? புறாவில் உங்களுக்கு யாரும் ஒரு கோடி கொடுக்கப்போவதில்லை. அதில் ஒரு சுதந்திரம் இருக்கிறது. யூடியூப் சேனல் ஆரம்பிக்கிறேன், குஞ்சு விற்கிறேன் என்று சீக்கிரமாக அதையும் ஒரு வேலையாக ஆக்கிவிடாதீர்கள். சில இடங்களில் பந்தயத்தோடு பணமும் ஓடும், அந்தப் பக்கம் தலையே வைக்க வேண்டாம்.

அம்மா விஷயம். உருப்படாத வேலை என்பதற்கு மேலே சொன்னதே பதில். ஆனால் அவர் கூண்டுத் தூசியைப் பற்றி ஏதாவது சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். புறா எச்சமும் இறகுத் தூசியும் வருடக்கணக்கில் மூச்சில் போனால் சிலருக்கு நுரையீரல் கெடும், வறட்டு இருமலில் தொடங்கும். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் தண்ணீர் தெளித்துவிட்டுச் சுரண்டுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், மாமாவுக்கும் ஒன்று கொடுங்கள். கூண்டுக்கென்று தனிச் சட்டை வைத்து, அதை மாடியிலேயே மாட்டிவிட்டுக் கீழே இறங்கினால் வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

அரியருக்கும் புறாவுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று உங்கள் நோட்டே சொல்லிவிடும். ஹோமர் பந்தயம் பெரும்பாலும் ஜனவரி தொடங்கி வெயில் ஏறும்வரை. உங்கள் செமஸ்டர் தேர்வு ஏப்ரலில். அந்த மார்ச், ஏப்ரல் சனி ஞாயிறுகளில் மாடியில் வானத்தைப் பார்த்து நின்றிருந்தால் அம்மா சொல்வது சரி. இந்த முறை பெரிய தூரப் பந்தயங்களை மாமாவிடம் விட்டுவிடுங்கள். காலையில் கூண்டு திறக்கும் வேலை மட்டும் உங்களுடையது, வந்த நேரத்தை மாமா குறித்து வைக்கட்டும். நோட்டில் ஏற்றுவதைத் தேர்வு முடிந்து பார்த்துக்கொள்ளலாம். மேத்ஸ் அரியருக்கான கட்டணத்தைக் கடைசித் தேதிக்கு முன்னால் கட்டிவிடுங்கள். ரெஸ்யூமைத் திருத்தி எழுதியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பார்க்க ஆசை.