கியர் ஆயில் இளஞ்சிவப்பாக நுரைத்தால்…

கேள்வி: 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு போய்வந்த பின், என் ஆட்டோமேட்டிக் காரின் கியர் ஆயில் ரோஸ் மில்க் போலிருக்கிறது. ஆயில் மாற்றினால் போதுமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: போதாது. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் அரித்து, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்க்கலவை) கியர்பாக்ஸுக்குள் கலந்திருக்கிறது. தயவுசெய்து இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். நான்கு சக்கரமும் தரையில் படாமல் வண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப் கொண்டுபோங்கள். கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் படலம் காகிதம் போன்றது. அது நீரை உறிஞ்சும், ஒட்டுப்பசை இளகும், படலம் உரியும். பிறகு கியர் நழுவும். முதலில் ரேடியேட்டரை மாற்றுங்கள், ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள். ஒருமுறை வடித்தால் பழைய ஆயிலில் பெரும்பகுதி இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரிலேயே தங்கிவிடும். எனவே கூலர் பைப்புகளையும் கழுவி, பில்டர் மாற்றி, நிறம் தெளியும்வரை ஆயிலைப் பலமுறை மாற்றவேண்டும். ஏற்கெனவே நழுவுகிறதென்றால் கியர்பாக்ஸைப் பிரித்தே ஆகவேண்டும்.